அளக்காத இறால்

கடைசி வருஷத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் தெரியாததைப் போய்க் கேட்பதற்குக் கம்பஸில் ஆட்கள் இருந்தார்கள். வேண்டிய கட்டுரையின் பெயரை நூலகத்தில் எழுதிக் கொடுத்தால், இரண்டு மாதமானாலும் எங்கிருந்தோ அதன் போட்டோப் பிரதியை எடுப்பித்துத் தருவார்கள். ஆங்கிலம் திருத்துவதற்கு ஒருவர் இருந்தார். கணக்குப் பார்க்க, புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கணிதத்துறையில் ஸ்ரெல்லா மிஸ் இருப்பார். எந்தத் துறைப் பிள்ளையும் தரவுக் கொப்பியோடு போகலாம்.

விலங்கியல் படித்த குணலட்சுமி இதில் ஒன்றையும் விடவில்லை. உரும்பிராயில் தோட்டக்காரக் குடும்பம். வீட்டில் கம்பஸுக்கு வந்த முதல் ஆள் அவள். அவளுடைய ஆய்வு இறாலைப் பற்றியது. ஆழமில்லாத குருநகர்ப் பரவைக்கடலில், தடி நட்டுக் கட்டுகிற சிறகுவலையில் படுகிற இறால் மாதத்துக்கு மாதம் எவ்வளவு வளர்கிறது, எப்போது பெரியதாகி வெளிக்கடலுக்குப் போகத் தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. எண்பத்தாறாம் ஆண்டு முழுக்க, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை விடியச் சைக்கிளில் குருநகர்க் கரைக்குப் போய், நூறு இறாலின் தலையோட்டு நீளத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுத வேண்டும். ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை உதவிக்கு அவள் முதலில் போனது அடுத்த வருஷம் மாசி மாதம். ஸ்ரெல்லா மிஸ்ஸுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஒற்றைப் பின்னல், மேசையில் ஒரு கல்குலேற்றர். குரல் உயர்த்திக் கதைக்க மாட்டார்.

"உம்மடை தரவு எல்லாம் நீரே எடுத்ததோ?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ். ஒரு வருஷம் போய் வந்தனான். போயிட்டு வந்தா மூண்டு தரம் சவுக்காரம் போட்டுக் குளிக்கோணும். அம்மா கிணத்தடியாலைதான் வீட்டுக்கை எடுப்பா. அந்த மணமும் அந்தச் சனமும்... எப்பிடித்தான் இருக்குதுகளோ தெரியாது."

சிரிப்பு வரும் என்று நினைத்துச் சொன்னாள். துறையில் இதைச் சொல்லும்போதெல்லாம் சிநேகிதிகள் சிரித்திருக்கிறார்கள். மிஸ் சிரிக்கவில்லை. கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, "அடுத்த புதன் வாரும், பாத்து வைக்கிறன்" என்றார்.

அந்த ஐம்பத்திரண்டில் ஆறு பொய்.

ஓகஸ்ட் மாதம் நகரப் பக்கம் இராணுவத்தின் ஷெல் விழத் தொடங்கியபோது குணலட்சுமி போவதை நிறுத்தியிருந்தாள். அம்மா வாசற் படலையைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டது உண்மை. ஆனால் அம்மா பூட்டாவிட்டாலும் அவள் போயிருக்க மாட்டாள். பயமாக இருந்தது. ஆறு செவ்வாய் போயிற்று. புரட்டாதியில் கொஞ்சம் அடங்கியதும் திரும்பப் போகத் தொடங்கினாள். போகாததை அவளுடைய ஆய்வுக்குப் பொறுப்பான இராசநாயகம் சேரிடம் சொல்ல வாய் வரவில்லை. வேறு பிள்ளைகள் ஷெல்லடிக்குள்ளும் சாவகச்சேரியிலிருந்து வந்து ஆய்வுகூடத்தில் நின்றதாக அவர் பெருமையோடு சொல்லித் திரிந்த நேரம் அது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். பிறகு ஒரு மத்தியானம் நூலகத்தில் இருந்து, ஓகஸ்ட் ஐந்தாம் திகதி அளந்த நூறு இலக்கத்தையும் எடுத்து, ஒவ்வொன்றோடும் கொஞ்சம் கூட்டி, வரிசையை மாற்றி, துப்புரவாகப் படி எடுத்த கொப்பியில் ஆறு கிழமைக்கும் எழுதி முடித்தாள். அறுநூறு இறால். ஒன்றரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை அவள் போனபோது ஸ்ரெல்லா மிஸ் ஒவ்வொரு கிழமையின் அளவையும் ஒரு பெரிய தாளில் போட்டு வைத்திருந்தார்.

"இஞ்சை பாரும் குணலட்சுமி. மற்றக் கிழமையளிலை அளவு நல்லாச் சிதறிக் கிடக்கு. சின்னனும் இருக்கு, பெரிசும் இருக்கு. ஒரு கிழமை மாதிரி மற்றக் கிழமை இல்லை. இந்த ஆறு கிழமை மட்டும் சராசரி ஏறுது, சிதறல் அசையாமல் நிக்குது. ஓகஸ்ட் அஞ்சிலை என்ன சிதறலோ, அதேதான். வேற ஆரும் அளந்தவையோ?"

தப்ப ஒரு கதவைத் திறந்து விட்டதுபோலத்தான் அந்தக் கேள்வி இருந்தது. குணலட்சுமிக்கு அது விளங்கவில்லை.

"இல்லை மிஸ். நான்தான்."

"ஆறு கிழமையும் கரைக்குப் போனனீரோ?"

"ஓம்."

மிஸ் பேனையை மூடி வைத்தார். ஓகஸ்ட் இருபத்தாறு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அண்டைக்கு ஒருத்தரும் வலை பாக்கப் போகேல்லை. முதல்நாள் ஷெல் விழுந்து கரையிலை ஒரு ஆள் செத்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் பிரேதம் எடுத்தது. சனம் முழுக்கக் கோயிலடியிலை நிண்டது. ஒரு றாத்தல் இறால்கூடக் கரைக்கு வரேல்லை."

"மிஸ்ஸுக்கு எப்பிடி..."

"நான் குருநகர்."

குணலட்சுமிக்கு முதலில் ஓகஸ்ட் இருபத்தாறு மனதில் வரவில்லை. போன கிழமை தான் சொன்ன மூன்று தரம் சவுக்காரமும், கிணற்றடியும், 'இருக்குதுகளோ' என்ற சொல்லும்தான் வந்தன. காது இரண்டும் சுட்டன. மிஸ்ஸின் சேலைக் கரையைப் பார்த்தபடி நின்றாள்.

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது இது: "திகதி மாறி எழுதிப்போட்டன்போலை, மிஸ். அது புதன்கிழமையாயிருக்கும்."

"அப்ப கரையிலை வைச்சு எழுதின கொப்பியைக் கொண்டு வாரும். படி எடுத்ததை இல்லை, அந்தக் கொப்பியை" என்றார் ஸ்ரெல்லா மிஸ். கோபப்படவில்லை. வெளியே அடுத்த பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.

கரைக் கொப்பியில் அந்த ஆறு கிழமையே இல்லை. ஓகஸ்ட் ஐந்துக்கு அடுத்த பக்கம் செப்ரெம்பர் இருபத்துமூன்று. வீட்டுக்குப் போய் ஒரு புதுக் கொப்பியை எடுத்து, முழு வருஷத்தையும் அதில் எழுதி, இறால் கழுவின தண்ணீரைத் தெளித்துக் காயவிட்டால் என்ன என்றுகூட யோசித்தாள். ஐம்பத்திரண்டு கிழமையையும் எழுதக் கை வராது என்று பட்டது. அதைவிட லேசான வழி லூர்த்தம்மா என்று நினைத்தாள்.

குருநகர்க் கரையில் மீன் விற்கிற பெண் லூர்த்தம்மா. ஐம்பது வயதுக்குக் கிட்ட. முதல் நாள் கொப்பியும் அளவுகோலுமாக நின்ற குணலட்சுமியை ஆண்கள் வேடிக்கை பார்த்தபோது, "படிக்கிற பிள்ளை, விடுங்கோடா" என்று அதட்டித் இறால் நிறைந்த தன் கடகத்தை அவள் முன்னால் வைத்தவர். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் நூறு இறாலை எண்ணிப் பிரித்து வைத்துவிட்டுத்தான் விற்கத் தொடங்குவார். அளந்து முடியும்வரை வாங்க வந்தவர்களை நிற்பாட்டி வைப்பார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்பார். இப்போதுதான் குடித்தேன் என்று குணலட்சுமி ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். அவர்கள் கையால் வாங்கிக் குடிப்பது அவளுடைய வீட்டில் வழக்கமில்லை. லூர்த்தம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கேட்பார்.

செப்ரெம்பர் இருபத்துமூன்றில் குணலட்சுமி திரும்பப் போனபோது லூர்த்தம்மா கறுப்புச் சேலை உடுத்திருந்தார். "தம்பி போயிட்டான் பிள்ளை. ஷெல்லிலை" என்றார். "ஐயோ" என்று சொல்லிவிட்டு குணலட்சுமி அளவுகோலை உறையிலிருந்து எடுத்தாள். எப்போது நடந்தது, எப்படி நடந்தது, அந்தத் தம்பிக்குப் பெயர் என்ன, ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மழை வரும்போலிருந்தது, அளந்து முடிக்க வேண்டும் என்பதுதான் யோசனை.

இந்த முறை அவள் போனது வியாழக்கிழமை பத்து மணிக்கு. கரையில் வியாபாரம் முடிந்திருந்தது. வீட்டைக் கேட்டுக்கொண்டு போனாள். லூர்த்தம்மா முற்றத்தில் கடகத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ பிள்ளை. என்ன வியாழக்கிழமை? அளக்கிறதெல்லாம் முடிஞ்சுதெண்டு சொன்னியள்."

உள்ளே இருத்தினார். சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒரு ஆணின் படம். முப்பத்தைந்து வயதிருக்கும். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்திருந்தார்கள்.

"என்ரை தம்பி. சந்தியோகு" என்றார் லூர்த்தம்மா, அவள் பார்ப்பதைக் கண்டு.

குணலட்சுமி சுற்றி வளைத்துத்தான் தொடங்கினாள். கட்டுரையில் ஒரு சின்னச் சிக்கல் என்றாள். கம்பஸில் ஒரு நாளைப் பற்றிச் சந்தேகப்படுகிறார்கள் என்றாள். "ஆரும் வந்து கேட்டால், அண்டைக்கும் நான் வந்து அளந்தனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவியளோ அக்கா? வேற கரையிலை பட்ட இறாலெண்டாலும் பரவாயில்லை."

"எந்த நாள் பிள்ளை?"

"ஓகஸ்ட் இருபத்தாறு. செவ்வாய்க்கிழமை."

லூர்த்தம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்குத்தானே தம்பியை எடுத்தது" என்றார்.

ஸ்ரெல்லா மிஸ் 'ஒரு ஆள்' என்றுதான் சொன்னார். இவர் 'தம்பி போயிட்டான்' என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவள் ஒருதரமும் மினக்கெடவில்லை.

"எத்தினை எண்டு எழுதினனீங்கள்?"

"நூறு."

"நூறோ" என்றார் லூர்த்தம்மா. "படிப்புக்கு உதவுமெண்டால் சொல்லுறன் பிள்ளை. அதிலை எனக்கென்ன. இனி அவன் வரப்போறானே. ஆர் வந்து கேட்டாலும் சொல்லுறன். ஆனால் உங்கடை கம்பஸிலை இருக்கிற எங்கடை ஸ்ரெல்லாவுக்கு மட்டும் சொல்லேலாது. அந்தப் பிள்ளை அண்டைக்கு விடியத் தொடக்கம் என்னோடைதான் நிண்டது. சவக்காலைக்கும் வந்தது. அவளுக்குத் தெரியும்."

அந்தச் சம்மதத்தை எதிர்பார்த்துத்தான் குணலட்சுமி ஏழு மைல் சைக்கிள் உழக்கி வந்திருந்தாள். கிடைத்தபோது இருக்க முடியவில்லை. லூர்த்தம்மா திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். எழும்பி, "வேண்டாம் அக்கா. நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் அண்டைக்கு வரேல்லை. ஆறு கிழமை வரேல்லை. பயத்திலை வீட்டிலை இருந்தனான். இருந்துகொண்டு எழுதினது" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"பயம்தானே. எங்களுக்கும் பயம்தான்" என்றார் லூர்த்தம்மா. "அதை ஏன் எழுதாமல் விட்டனீங்கள்?"

அவள் சைக்கிளை எடுத்தாள்.

நேரே கம்பஸுக்குத்தான் போனாள். நல்ல மனம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனால் திரும்பவும் ஏதாவது வழி யோசிப்பேன் என்ற பயம்தான். இராசநாயகம் சேர் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல மூடியைத் திரும்பப் போட்டு அமுக்கினார்.

"எத்தினை கிழமை?"

"ஆறு, சேர்."

"அப்ப மிச்சம் நாப்பத்தாறையும் நான் எப்பிடி நம்புறது?"

கரைக் கொப்பியை மேசையில் வைத்தாள். அழுக்கும் செதிலும் ஒட்டின பக்கங்களை அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஓகஸ்ட் ஐந்துக்குப் பிறகு செப்ரெம்பர் இருபத்துமூன்று வந்த இடத்தில் நிறுத்தினார்.

"'ஷெல்லடி, போகேல்லை' எண்டு ஒரு வரி. அதுக்கு நான் என்ன செய்திருப்பன்? உம்மைத் தின்னுவனோ?" என்றார். "விஞ்ஞானச் சங்கத்தின்ரை கூட்டத்துக்கு உம்மடை ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பிப்போட்டன், என்ரை பேரையும் போட்டு. இப்ப அதைத் திருப்பி எடுக்கோணும். கடிதத்தை நீரே எழுதும். காரணத்தையும் எழுதும். 'தவிர்க்க முடியாத காரணம்' எண்டு எழுதக்கூடாது."

அவள் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலம் திருத்துகிறவரிடம் அதைக் கொண்டுபோனாள். அவர் சிவப்புப் பேனையால் இரண்டு இடத்தில் இலக்கணத்தைத் திருத்தி, முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். தட்டச்சு செய்கிற பெண்ணுக்கும் விஷயம் தெரிய வந்தது. அடுத்த நாள் தேத்தண்ணிக் கடைக்குக் குணலட்சுமி போனதும் கதை நின்றது. முதலாம், இரண்டாம் வகுப்புச் சித்திக்கான புள்ளி இனிக் கிடையாது என்று துறையில் முடிவானது. கட்டுரையை மூன்று மாதத்தில் திருத்தி எழுதித் தந்தால் சாதாரணச் சித்தி கிடைக்கும். அம்மாவிடம், தட்டச்சு பிந்துகிறது என்றுதான் சொன்னாள். அந்தப் பொய்யை அவள் கடைசிவரை மாற்றவில்லை.

திருத்தி எழுதுவதென்றால் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். கணக்கென்றால் புதன்கிழமை. இரண்டு புதன்கிழமை அவள் கணிதத்துறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். மூன்றாவது புதன்கிழமை, கதவருகில் நின்றவளை ஸ்ரெல்லா மிஸ்தான் கண்டு, "உள்ளை வாரும்" என்றார்.

"மிஸ், அண்டைக்கு நான் உங்கடை ஆக்களைப் பற்றிச் சொன்னது..."

"அது கேட்டுப் பழகின கதை" என்றார் மிஸ். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "தாளை எடும். இந்த ஆறு இடமும் இப்ப வெறுமை. ஆனால் ஆறும் ஒரே வெறுமை இல்லை. நீர் போகாதது வேற, கரைச்சனம் வலை பாக்காதது வேற. நீர் போகாததுக்குத் தரவு இல்லை. வலை பாக்காத நாளெண்டால் பிடிபாடு இல்லை, அதுவும் ஒரு தரவு. எது எதெண்டு கேட்டுக்கொண்டு வாரும்."

"ஆரிட்டை மிஸ்?"

ஸ்ரெல்லா மிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

ஆக, அவள் திரும்பவும் லூர்த்தம்மாவிடம் போக வேண்டியதாயிற்று. லூர்த்தம்மா விரல் மடித்து நினைவுபடுத்திச் சொன்னார். பன்னிரண்டாம் திகதி போனார்கள், நல்ல பிடிபாடு. பத்தொன்பது போனார்கள். இருபத்தாறு இல்லை. அடுத்த செவ்வாய் ஒருவரும் போகவில்லை, சந்தியோகின் வலைக்கு ஆள் இல்லாமல் அந்தத் தடிகள் அப்படியே நின்றன. பிறகு இரண்டு கிழமை போனார்கள், ஆனால் கரைக்கு வராமல் கடலிலேயே விற்றார்கள். குணலட்சுமி ஒவ்வொன்றையும் எழுதினாள். நடுவில் லூர்த்தம்மா எழும்பிப்போய் முகம் கழுவிவிட்டு வந்து, "எதிலை விட்டனாங்கள்?" என்று கேட்டார். அவள் தலை நிமிர்த்தாமல் திகதியைச் சொன்னாள்.

கட்டுரையின் மூன்றாவது அட்டவணைக்குக் கீழே நாலு வரிக் குறிப்பு ஒன்று வந்தது. எந்தெந்தத் திகதியில் ஆய்வாளர் அச்சத்தால் போகவில்லை, எந்தெந்தத் திகதியில் கரையில் நடந்த ஒரு மரணத்தால் வலை பார்க்கப்படவில்லை, இந்த விபரத்தைத் தந்தவர் குருநகர் லூர்த்தம்மா என்று எழுதியிருந்தது.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து டானியல் என்பவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கொழும்பில் மீன்பிடி ஆராய்ச்சியில் இருந்து இளைப்பாறி ஊரோடு வந்திருந்தவர். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியாது. இராசநாயகம் சேரும் இன்னும் இரண்டு விரிவுரையாளர்களும் மேசைக்கு அந்தப் பக்கம். பின் கதிரையில் ஸ்ரெல்லா மிஸ்.

டானியல் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கேள்வி கேட்டு வந்தார். மூன்றாவது அட்டவணையில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது வருஷம் இந்த வேலை செய்தனான்" என்றார். "இப்பிடி ஒரு குறிப்பை நான் கண்டதில்லை. பயத்திலை போகேல்லை எண்டு எழுத எத்தினை பேருக்குத் துணிவு வரும்? ஓட்டையை மறைச்சுப்போடுவாங்கள். இந்தப் பிள்ளையின்ரை நேர்மையை நான் பாராட்டுறன்."

இராசநாயகம் சேர் தன் முன்னால் கிடந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பாராட்டு குணலட்சுமி நினைத்திராத இடத்திலிருந்து வந்தது. தேத்தண்ணிக் கடையில் கதை நின்றபோதுகூட இப்படிக் கூசவில்லை. சும்மா இருந்தால் போதும், இது கடந்து போய்விடும். ஒருவரும் மறுத்துச் சொல்லப்போவதில்லை என்று அவளுக்கு விளங்கியது. பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"அது என்ரை நேர்மை இல்லை, சேர்" என்றாள். "முதல்லை நான் பொய் இலக்கம் எழுதினனான். பிடிபட்டாப்பிறகுதான் இந்தக் குறிப்பு. இதை எப்பிடி எழுதோணுமெண்டு காட்டினது ஸ்ரெல்லா மிஸ். திகதியளைச் சொன்னது லூர்த்தம்மா."

டானியலின் முகம் சிவந்தது. பாராட்டியதற்காக அவர்தான் வெட்கப்படுகிறவர்போலத் தெரிந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பக்கத்தைத் திருப்பினார், திரும்பவும் அதே பக்கத்துக்கு வந்தார்.

"சரி" என்றார் கடைசியில். "பெரிய இறால் பரவைக்கடலை விட்டு வெளியாலை போகத் தொடங்கின கிழமை எது? உம்மடை தரவிலை தெரியுதோ?"

ஓகஸ்ட் ஐந்தில் பெரியது நிறைய இருந்தது. செப்ரெம்பர் இருபத்துமூன்றில் பாதிகூட இல்லை. இடையில்தான் எப்போதோ போயிருக்க வேண்டும். ஒரு வருஷம் அவள் தேடிப் போன கேள்விக்குப் பதில் அந்த ஆறு கிழமைக்குள்தான் கிடந்தது.

"தெரியாது, சேர்" என்றாள். "நான் போகாத நாளிலைதான் அதுகள் போயிருக்கு."

அவர் அதை எழுதிக்கொண்டார். அவளுக்குச் சாதாரணச் சித்தி கிடைத்தது.